ரெண்டு நாட்டு ஆளு

என் மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் கட்டிய பற்கள். சொந்தப் பற்களை உடைத்தவர் பின்னாளில் இரண்டு நாடுகளுக்காகக் கிரிக்கெட் ஆடினார். அவருடைய ஊரான லப்பைக்குடிக்காட்டில் அவரை ‘ரெண்டு நாட்டு ஆளு’ என்பார்கள். அந்த இரண்டில் இந்தியா கிடையாது. இரண்டுமே வளைகுடாவில் இருக்கும் சின்ன நாடுகள். பெயரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் ஒன்றைப் பச்சைச் சட்டை நாடு என்றும் மற்றதைச் சிவப்புச் சட்டை நாடு என்றும் சொல்கிறேன். அவரை நான் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அரியலூரில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரம் ஒரு மைதானம் இருந்தது. புல் கிடையாது. செம்மண்ணும் சிமெண்டுத் தூசியும் சேர்ந்து இறுகிய தரை. பந்து குத்தினால் கல்லில் பட்டது போல எகிறும். அங்கே கார்க் பந்தில் ஒரு போட்டி. செந்துறை அணிக்கு நான்தான் முதலில் இறங்குவேன். ஹெல்மெட் போட்டு ஆடுகிறவனைப் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கிற வயது. எதிரணியில் ஒல்லியாக, கைகள் மட்டும் அளவுக்கு மீறி நீண்ட ஒருவர் பந்து போட வந்தார். முதல் பந்து காதை உரசிப் போனது. அடுத்த பந்தை நான் பார்க்கவே இல்லை. வாய்க்குள் ஏதோ வெடித்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, உள்ளங்கை நிறைய ரத்தம் துப்பினேன்.

இரண்டு அணிக்காரர்களும் ஓடி வந்தார்கள். பந்து போட்டவரும் வந்தார். ஆனால் என்னைப் பார்க்க வரவில்லை. என் காலடியில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்தார். அதில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பேண்டில் துடைத்தார். தேய்த்துக்கொண்டே, ஓட ஆரம்பிக்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தார். அங்கே நின்று, அடுத்த ஆள் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ் ஏறிச் செந்துறைக்கு வந்து, விசாரித்து விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார். யாரென்று தெரியாமல் என் அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தால் என் பல். ஒன்று முழுசாக, ஒன்று பாதியாக.

“ஆட்டம் முடிஞ்சதும் தேடி எடுத்தேன். டாக்டர்கிட்ட கொண்டுபோனா ஒட்டவெப்பாங்களாம்ல” என்றார்.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “நீதானா அது? எம்புள்ள மூஞ்சியப் பாரு. மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்த வருதா ஒன் வாயில?”

“பந்து போடத்தாங்க போனேன். பந்துதான் போட்டேன்” என்றார். குரலில் திமிர் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரல். அம்மா திட்டிக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்ள.

பல்லை யாராலும் ஒட்ட வைக்க முடியவில்லை.

பழகிய பிறகு ஒருநாள் கேட்டேன், ஏன் பாய் ஸ்டம்பைப் பார்த்துப் போடவே மாட்டேன் என்கிறீர்கள் என்று. “குச்சி பயப்படாது மாப்ள. குச்சிக்கு முன்னாடி நிக்கிறவன்தான் பயப்படுவான்” என்றார். விலா எலும்பு, முழங்கை, கழுத்து என்று ஆளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார். வலைப்பயிற்சியில் எங்களையும் விடமாட்டார். எங்கே பட்டால் நாம் சுருண்டுகொள்வோம் என்று நமக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு மூர்க்கம் எங்கிருந்து வந்தது என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பா அடித்திருப்பார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அவருடைய அத்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். சைக்கிளில் அத்தர் விற்றவர். ஈயை விரட்டக்கூடக் கையைப் பதமாகத்தான் வீசுவார். “எங்க அத்தா என்னயத் தொட்டதே இல்ல மாப்ள, முத்தம் குடுக்கத் தவிர” என்று பாயே சிரித்தார். பக்ரீத் அன்று வீட்டில் ஆடு அறுக்கும்போது, அது முடியும் வரை மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆட்டின் கண்ணைப் பார்க்க முடியாதாம். இதையெல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பாடாலூர்ப் பக்கம் ஓர் ஆட்டத்தில் ஒரு பையனின் முன்கையை உடைத்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லைக்கோட்டில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த வாரம் நானும் பாயின் அணியோடு சேர்ந்து ஆடப் போயிருந்தேன். ஆட்டம் முடிந்து டாடா ஏஸில் திரும்பும்போது, பையனின் அண்ணனும் சொந்தக்காரர்களும் பைக்குகளைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். முதலில் முன்கண்ணாடி போயிற்று. டிரைவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். நாங்கள் பின்னால் குனிந்து பதுங்கிக்கொண்டோம். பாய் மட்டும் குதித்து இறங்கினார்.

“என்னயத்தான தேடுறீங்க. இந்தா இருக்கேன். அவங்கள வுட்டுருங்க.”

விட்டுவிட்டார்கள். அவரை மட்டும் சாலையோரப் பள்ளத்தில் தள்ளி, கிரிக்கெட் மட்டையாலும் உருட்டுக்கட்டையாலும் அடித்தார்கள். அவர் கையை ஓங்கவே இல்லை. தலையை மட்டும் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அடித்தவர்களுக்கே ஒரு கட்டத்தில் என்னவோ போல் ஆகி, நிறுத்திவிட்டுப் போனார்கள். நாங்கள் தூக்கி உட்கார வைத்தபோது இடது கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது. உதடு கிழிந்திருந்தது.

“எடது கைதான மாப்ள. நல்லவங்க” என்றார்.

கட்டுப் பிரித்த வாரமே பந்து போட வந்துவிட்டார்.

பிறகு சம்பாதிக்க வெளிநாடு போனார். பச்சைச் சட்டை நாட்டில் லாரி டயர் கிடங்கில் வேலை. நானும் ஏ.சி. மெக்கானிக்காக அதே ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த மாதிரி நாடுகளில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் எல்லோரும் நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள்தான். சில வருடங்கள் அங்கேயே குடியிருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்று விதி இருக்கிறது. பகலெல்லாம் டயர் உருட்டி, சாயங்காலம் பந்து போட்டு, பாய் பச்சைச் சட்டை வாங்கினார்.

அந்த அணியின் கேப்டன் ஷாஜி, மலையாளி. ஒரு பெரிய கடையில் சூப்பர்வைசர். அவர் மனைவி நர்ஸ் வேலை கிடைத்து வந்து சேரும்வரை ஷாஜி, பாய், நான் மூவரும் ஒரே அறையில் இருந்தோம். எங்களோடு பேசிப் பேசியே ஷாஜி தமிழ் கற்றுக்கொண்டார். பாய்க்கு அம்மை போட்டபோது, மற்றவர்கள் வேறு அறைக்கு ஓடிவிட, ஷாஜிதான் கஞ்சி வைத்து ஊட்டினார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். வலைப்பயிற்சியில் பாய் அவரையும் விடமாட்டார். “கேப்டன், குட்டையா வந்தா மூஞ்சியத் திருப்பாதீங்க. கண்ண எடுக்காதீங்க” என்று கத்திக்கொண்டே, மறுபடியும் பாதித் தூரத்திலேயே குத்தி முகத்துக்கு எகிறும்படி குட்டையாகவே போடுவார். ஷாஜி மறுபடியும் முகத்தைத் திருப்புவார்.

சொந்த ஆட்களிடமே இப்படிப் போடுகிறீர்களே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “பந்து கையில இருக்கறப்ப எனக்கு ஆளு தெரியாது மாப்ள. நெசமாத்தான் சொல்றேன். ஒரு தல தெரியும், அவ்வளவுதான்” என்றார். அதை அவருடைய பெருமை என்று எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

டயர் கம்பெனி மூடப்பட்டது. விசா போயிற்று. பாய் பக்கத்து நாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போனார். விதிப்படி அங்கே வருடக்கணக்கில் காத்திருந்து, சிவப்புச் சட்டை வாங்கினார். எந்த நாட்டுக்கு ஆட உங்களுக்கு இஷ்டம் என்று யாராவது கேட்டால், “பந்து குடுக்குற நாட்டுக்கு” என்பார்.

நானும் ஷாஜியும் இன்னும் இருந்த பச்சைச் சட்டை நாட்டுக்குச் சிவப்புச் சட்டை நாடு வந்து ஆடியது. ஆட்டத்துக்கு முன்தினம் பாய் ஷாஜி வீட்டில்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். ஷாஜியின் மனைவி மீன் வறுத்துப் போட்டார். “நாளைக்கு என் புருஷனைக் கொஞ்சம் பார்த்துப் போடு” என்று அவர் சொல்ல, மூவரும் சிரித்தார்கள். காலையில் மைதானத்தில் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பச்சைச் சட்டைக்காக ஷாஜி முதலில் இறங்கினார். பாயின் முதல் பந்து அவர் தோளில் அடித்தது. அடுத்தது விரல்களில். கையுறையைக் கழற்றி உதறிவிட்டு மறுபடி நின்றார். அடுத்த பந்து குட்டையாக வந்து எகிறியது. ஷாஜி முகத்தைத் திருப்பினார். ஹெல்மெட்டின் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பந்து நுழைந்தது. அவர் மட்டையை விட்டுவிட்டு அப்படியே மல்லாந்து விழுந்தார். கால்கள் தரையை உதைத்தன. கழற்றிய ஹெல்மெட்டுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது.

பாய் பந்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

கூட்டத்திலிருந்து தண்ணீர் பாட்டில்களும் கற்களும் வந்தன. துரோகி என்று இந்தியிலும் உருதுவிலும் மலையாளத்திலும் கத்தினார்கள். ஒரு கல் அவர் கழுத்தில் பட்டது. போலீஸ் வந்து நின்ற பிறகு ஆட்டம் தொடர்ந்தது. அடுத்து வந்தவனுக்கும் அதே பந்துதான். சிவப்புச் சட்டை நாடு ஜெயித்தது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோள்மேல் உட்கார்ந்திருந்த அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

லப்பைக்குடிக்காட்டில் செல்போனில் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். அவருடைய அத்தாவும் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நானும் பாயும் காரில் போய்க்கொண்டிருந்தபோது அவர் பாயைப் போனில் கூப்பிட்டார்.

“அந்தத் தம்பிக்குக் கண்ணு போச்சாப்பா?”

“போச்சுன்னுதான் சொல்றாங்கத்தா.”

அத்தா போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷாஜியின் மனைவி நின்றிருந்தார். பாயைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கைகளாலும் அவர் மார்பில் குத்தினார். கன்னத்தில் அறைந்தார். நகம் கிழித்து, கண்ணுக்குக் கீழே கோடு கோடாக ரத்தம் வந்தது. பாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் ஓயும்வரை நின்றார். கடைசியில் அந்த அம்மா மலையாளத்தில் சொன்னது ஒன்றுதான்: “நீ அகத்துப் போகாதே. அவர் உன்னைக் காணண்டா.” உள்ளே விடவில்லை. ஷாஜிக்கு இடது கண் போய்விட்டது. கொஞ்ச நாளில் குடும்பத்தோடு கேரளம் திரும்பினார்.

அடுத்த ஆட்டத்தில் பாய் மாறிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். மாறவில்லை. முன்னைவிட வேகமாகவே போட்டார். தோள்பட்டைத் தசை கிழிந்து, சிவப்புச் சட்டைக்காரர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும்வரை ஆடினார். பிறகு ஊருக்குத் திரும்பி டயர் கடை வைத்தார். நானும் வந்து அரியலூரில் ஏ.சி. சர்வீஸ் கடை போட்டேன். ஷாஜியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சென்ற கோடையில் ஷாஜி எனக்குப் போன் செய்தார். பாயைப் பார்க்க வருவதாகவும், அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். அரியலூர் ஸ்டேஷனில் போய் நின்றேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தோளில் நீளமான மட்டைப் பை தொங்கியது. செந்துறை வழியாகப் போகும்போது, “சண்டைக்கா வந்திருக்கீங்க?” என்று கேட்டேன். “அந்த ஓவரை நான் முடிக்கலை. ஆறு பந்தையும் நின்னு ஆடி முடிக்கணும்” என்றார்.

டயர் கடையில் பாய் ஒரு டிராக்டர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த கடப்பாரை கீழே விழுந்தது.

“வாங்க கேப்டன்” என்றார்.

வெள்ளாற்றங்கரை மைதானத்தில் சிமெண்டு போட்ட பிட்ச் இருக்கிறது. மதிய வெயிலில் அங்கே யாரும் இல்லை. ஷாஜி கால்பட்டை கட்டி, ஹெல்மெட் போட்டு நின்றார்.

“வேணாம் கேப்டன். ஒத்தக் கண்ணுல பந்து எவ்வளவு தூரத்துல வருதுன்னு தெரியாது” என்றார் பாய்.

“நீ போடு.”

பாய் நாலடி நடந்து வந்து, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல மெதுவாக ஒரு பந்து போட்டார். ஷாஜி அதை ஆடவில்லை. குனிந்து எடுத்து, பிட்ச்சின் நீளம் முழுக்க நடந்து வந்து, பாயின் கையில் வைத்து அழுத்தினார். “குருடனுக்குப் போடற பந்து எனக்கு வேண்டாம்.”

பாயின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தோள்பட்டை கிழிந்த மனிதர் என்று சொல்ல முடியாது. முதல் பந்து ஷாஜியின் விலாவில் இறங்கியது. அவர் மடிந்து உட்கார்ந்து, மட்டையை ஊன்றி எழுந்தார். அடுத்தது தோளில். அடுத்தது ஹெல்மெட்டில் அடித்தது; அந்தச் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிரொலித்தது. ஷாஜி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். நான் ஓடினேன். ஷாஜி தரையில் கிடந்தபடியே மட்டையை என் பக்கம் நீட்டி, வராதே என்றார். எழுந்தார். வாய் ஓரத்தில் ரத்தம் வழிந்தது. மறுபடி தொடையில் ஓர் அடி, முழங்கையில் ஓர் அடி. கடைசிப் பந்து முகத்துக்கு வந்தது. ஷாஜி திரும்பவில்லை. இருந்த ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மட்டை தானாக உயர்ந்தது. பந்து கைப்பிடியில் பட்டு அவர் காலடியில் விழுந்தது.

“முடிஞ்சுது” என்றார்.

கருவேல மரத்து நிழலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார். உடம்பெல்லாம் பந்தின் அளவுக்குக் கன்றிப் போயிருந்தது. பாய் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து, கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு காயமாக ஒற்றினார்.

“ஒண்ணு கேட்கணும். அதுக்குத்தான் வந்தேன்” என்றார் ஷாஜி. “அன்னைக்கு நின்னது நான்தான்னு உனக்குத் தெரிஞ்சிருந்ததா?”

பாய் ஒற்றுவதை நிறுத்தினார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

“தெரியும் கேப்டன். நீங்கன்னு தெரிஞ்சுதான் போட்டேன். குட்டையா வந்தா மூஞ்சியத் திருப்புவீங்க. அந்த எடத்தப் பாத்துதான் போட்டேன்.”

ஷாஜி அவரை அடிக்கப்போகிறார் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அவர் அடிக்கவில்லை. நீளமாக மூச்சு விட்டார்.

“எல்லாரும் சொன்னாங்க, அவனுக்குப் பந்து கையில இருந்தா ஆள் தெரியாதுன்னு. அதுதான் எனக்குத் தாங்கலை. கண்ணு போனதைவிட அது. ஒரே தட்டுல சாப்பிட்டோம். நீ என்னை யாரோ ஒருத்தனா நினைச்சு அடிச்சிருந்தா, நான் யாருடா உனக்கு? தெரிஞ்சு போட்டேங்கிற. அப்ப நான் உன்கிட்ட தோத்தேன். அது ஆட்டம். அதை நான் பொறுத்துக்குவேன்.”

பாயின் வீட்டில் அத்தா எங்களுக்கு நெய்ச்சோறு பரிமாறினார். ஷாஜி கன்றிப்போன கையால் அள்ளிச் சாப்பிட்டார். கிளம்பும்போது அத்தா அவர் மணிக்கட்டில் அத்தர் தடவி, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அரியலூர் ஸ்டேஷனில் ஷாஜியும் பாயும் ரயில் நகரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில், ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் நானாகக் கேட்டேன். “நெசமாவே தெரிஞ்சுதான் போட்டீங்களா பாய்?”

“எங்க மாப்ள” என்றார். வண்டிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “சட்டக் கலருகூடத் தெரியல. ஒரு ஹெல்மெட்டு, அவ்வளவுதான். திரும்பி நடந்து போய், நின்னு பாத்தப்பதான் கீழ கெடக்கறது கேப்டன்னே தெரிஞ்சுது. அத அந்த மனுசங்கிட்ட எப்புடிச் சொல்றது?”

பிறகு என் பக்கம் திரும்பி, “நீ எதுவும் சொல்லிராத” என்றார்.

சொல்லவில்லை. ஷாஜி தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேன்.